வன்னியில் இருந்தபடியே உதவிச் சாதனத் துறைக்கு மாறுவது எப்படி: ஆவணம், செலவு, காலம்

சக்கர நாற்காலி, செயற்கைக் கால், காது கேட்கும் கருவி, வெள்ளைப்பிரம்பு, திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் (திரைவாசிப்பான்) எல்லாமே உதவிச் சாதனங்கள்தான். போரில் காலை இழந்தவர்கள், முள்ளந்தண்டில் காயப்பட்டவர்கள், பார்வை போனவர்கள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எந்த ஊருக்குள் போனாலும் இருக்கிறார்கள். இப்போது நீரிழிவால் கால் எடுக்கப்பட்டவர்களும் பாரிசவாதம் வந்த முதியவர்களும் அவர்களோடு சேர்ந்துவிட்டார்கள். நாற்காலி கொடுக்கும் வைபவங்கள் நடக்கின்றன. ஆனால் அந்த நாற்காலி அந்த உடம்புக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கவோ, ஆறு மாதம் கழித்துச் சில்லு இறுகிப்போனால் கழற்றிப் பூட்டவோ பக்கத்தில் ஆள் இல்லை. கொடுப்பவர்களை விடப் பொருத்துபவர்களும் திருத்துபவர்களும் சொல்லிக்கொடுப்பவர்களும்தான் இங்கே குறைவு. வேறு வேலையில் இருந்து இந்தத் துறைக்கு வர நினைக்கும் உங்களுக்கான இடமும் அதுதான்.

நான் ஒரு நிதி நிறுவனத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்துவிட்டு இதற்குள் வந்தேன். யாரிடம் கேட்பது, எந்தக் கடதாசி முதலில் என்று ஒழுங்காகச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. அதனால் தேவைப்படும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. எந்த வாசலால் நுழைவது என்று முதலில் முடிவெடுங்கள்

நான்கு வழிகள் உண்டு. நான்குக்கும் படிப்பும் செலவும் வேறு வேறு.

முதலாவது, மருத்துவத் துறை வழி. செயற்கைக் கை கால் செய்பவராக வருவதற்கு ராகமவில் இருக்கும் பாடசாலையில் மூன்று வருட முழுநேரப் படிப்பு. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு வேண்டும். பேச்சு, செவிப்புலன் சிகிச்சைக்குக் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் பட்டப்படிப்பு இருக்கிறது. அரசாங்கப் பயிற்சிகளுக்கு வர்த்தமானியில் விண்ணப்பம் கோருவார்கள். அதில் முதலில் பார்க்க வேண்டியது வயதெல்லை. முப்பதைத் தாண்டியவர் கலைப்பிரிவில் உயர்தரம் செய்திருந்தால் இந்த வழியில் காலத்தைச் செலவழிக்க வேண்டாம். தம்பி, தங்கை இப்போதுதான் உயர்தரம் முடித்திருந்தால் அவர்களுக்குச் சொல்லுங்கள். தமிழ் பேசும் ஆட்கள் அந்தத் துறைக்குக் கட்டாயம் தேவை.

இரண்டாவது, சக்கர நாற்காலி, மூன்று சில்லுச் சைக்கிள், ஊன்றுகோல் போன்றவற்றைப் பொருத்துவதும் திருத்துவதும். வெல்டிங், சைக்கிள், மோட்டார் சைக்கிள் வேலை தெரிந்தவருக்கு இது பொருத்தம்.

மூன்றாவது, விழிப்புலனற்றவர்களுக்குப் போனும் கணினியும் கற்பிப்பது. ஆசிரியராகவோ, கணினி நிலையத்திலோ, போன் கடையிலோ இருந்தவர்கள் இதற்கு வரலாம்.

நான்காவது, இணையத்தளங்களையும் செயலிகளையும் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்த முடிகிறதா என்று சோதிக்கும் வேலை. வீட்டில் இருந்தே செய்யலாம். ஆங்கிலமும் நல்ல இணைய இணைப்பும் வேண்டும். பார்வையற்ற இளைஞர்கள் இதில் மற்றவர்களை விட ஒரு படி முன்னுக்கு இருப்பார்கள், ஏனென்றால் திரைவாசிப்பான் அவர்களுக்குத் தினசரிப் பழக்கம்.

நான் இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்துச் செய்கிறேன். ஊருக்குள் ஒருவர் ஒன்றை மட்டும் செய்து பிழைப்பது கஷ்டம், இரண்டைச் சேர்த்தால் தாங்கும்.

2. பழைய வேலையை விடும் திகதியைக் கணக்குப் பார்த்துத் தீர்மானியுங்கள்

பலர் அவசரப்படுவது இங்கேதான். தனியார் நிறுவனத்தில் ஐந்து வருடம் பூர்த்தியானால் பணிக்கொடை கிடைக்கும். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடம் என்றால், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் தர வேண்டும். கடைசியாக எடுத்த சம்பளம் 50,000 ரூபாய், சேவை ஆறு வருடம் என்று வையுங்கள். 25,000 ரூபாய் ஆறு தடவை, ஆக 150,000 ரூபாய். நாலு வருடம் எட்டு மாதத்தில் கடிதம் கொடுத்துவிட்டு வந்தால் அதில் ஒரு சதமும் இல்லை. இன்னும் நாலு மாதம் பொறுங்கள். வேலையை விட்டு 30 நாளுக்குள் அதைத் தந்துவிட வேண்டும். தராவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

ஊழியர் நம்பிக்கை நிதியத்தில் சேர்ந்திருக்கும் காசையும் வேலையை விட்டபின் எடுக்கலாம். ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவைதான். போன தடவை வேலை மாறும்போது எடுத்திருந்தால் திகதியைப் பாருங்கள். ஊழியர் சேமலாப நிதியம் வேறு. அது சாதாரணமாக ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயதில்தான் கைக்கு வரும். அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

வரும்போது சேவைக் கடிதத்தை வாங்காமல் வராதீர்கள். பதவி, சேர்ந்த திகதி, விலகிய திகதி மூன்றும் அதில் இருக்க வேண்டும். கோபித்துக்கொண்டு வெளியேறினால் பிறகு அந்தக் கடிதத்துக்கே அலைய வேண்டிவரும்.

என் அபிப்பிராயத்தில் முதல் ஆறு மாதமாவது பழைய சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே பின்னேரங்களிலும் சனி ஞாயிறிலும் படித்துப் பழகுவதுதான் நல்லது.

3. ஆவணக் கோப்பை இப்போதே தயாராக்குங்கள்

பயிற்சி, வேலை, வியாபாரப் பதிவு எதுவானாலும் கேட்கப்போவது இவைதான்: பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, சாதாரணதர, உயர்தரப் பெறுபேறுகள், கிராம அலுவலரின் வதிவிட நற்சான்று, சேவைக் கடிதங்கள், பொலிஸ் நற்சான்று.

இடப்பெயர்வில் ஆவணங்கள் தொலைந்தவர்கள் பிறப்புச் சான்றிதழில் இருந்து தொடங்குங்கள். பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம். பதிவு இலக்கம் தெரிந்தால் வேலை சுகம். தெரியாவிட்டால் பிறந்த திகதியையும் பிறந்த இடத்தையும் வைத்துத் தேட வேண்டும், நாளும் எடுக்கும். பெறுபேற்றுச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்தில் இணையம் மூலம் விண்ணப்பித்துப் பெறலாம். பரீட்சை எழுதிய வருடமும் சுட்டெண்ணும் தேவை. சுட்டெண் மறந்திருந்தால் படித்த பாடசாலையில் கேளுங்கள்.

எங்கள் பக்கத்தில் பெரிய தலையிடி பெயர்தான். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொன்று, பெறுபேற்றுத் தாளில் தகப்பன் பெயரின் முதலெழுத்தே வேறு. நேர்முகத் தேர்வில் வைத்து இதைச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி முடித்துக் கோப்பில் வைத்திருங்கள். தமிழில் இருக்கும் ஆவணத்தை ஆங்கிலத்தில் கேட்டால் பதிவுபெற்ற சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம்தான் செய்விக்க வேண்டும். தெரிந்த ஆளிடம் மொழிபெயர்த்துச் சீல் அடிப்பது செல்லாது.

கிராம அலுவலரின் நற்சான்றையும் பொலிஸ் நற்சான்றையும் கடைசியில் எடுங்கள். இரண்டும் சில மாதங்களில் பழசாகிவிடும். மற்றவற்றில் மூன்று பிரதி எடுத்து உறுதிப்படுத்தி வையுங்கள். போனில் ஒரு ஸ்கான் பிரதியும் இருக்கட்டும், மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லி இரவில் கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

4. முதல் மூன்று மாதப் படிப்புக்குக் காசு கட்டாதீர்கள்

அடிப்படையில் தேவையானது எல்லாம் இலவசமாகவே கிடைக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் உதவிச் சாதனங்களுக்கு ஒரு இணையவழிப் பயிற்சி வைத்திருக்கிறது. கண்ணாடி, ஊன்றுகோல் போன்ற எளிமையான சாதனங்களுக்கு அதிலேயே பாடங்கள் உண்டு. அதே நிறுவனத்தின் சக்கர நாற்காலி அடிப்படைப் பயிற்சித் தொகுப்பு 2012இல் வெளியானது. கையேடு, படங்கள் எல்லாவற்றையும் இறக்கி வாசிக்கலாம். ஆங்கிலத்தில் இருக்கிறது, ஆனால் நேரான ஆங்கிலம், படமும் நிறைய. ஒரு அகராதியை வைத்துக்கொண்டு நாளுக்கு நாலு பக்கம் போங்கள்.

கணினிப் பக்கம் வருபவர்கள் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை இறக்குங்கள். இலவசம். அவுஸ்திரேலியாவில் பார்வையற்ற ஒருவர் 2006இல் தொடங்கி, பார்வையற்ற இன்னொருவரோடு சேர்ந்து வளர்த்தது. தமிழை வாசிக்கும் ஈஸ்பீக் குரல் அதற்குள்ளேயே இருக்கிறது. அது இயந்திரக் குரலாகக் கேட்டால் விண்டோஸில் வள்ளுவர் என்ற தமிழ்க் குரலைச் சேர்க்கலாம். அண்ட்ரொய்ட் போனில் டோக்பக் என்ற திரைவாசிப்பான் ஏற்கெனவே இருக்கும். பெரும்பாலான போன்களில் இரண்டு ஒலிப் பொத்தான்களையும் மூன்று விநாடி சேர்த்து அழுத்தினால் இயங்கும்.

இணையச் சோதனைக்கு, இணைய நியமங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அறிமுகப் பாடநெறி எட்எக்ஸ் என்ற இணையக் கல்வித் தளத்தில் இருக்கிறது. சான்றிதழ் வேண்டாம் என்றால் காசு இல்லை. இணையத்தளங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்துவதற்காக 2023இல் வந்த டபிள்யூசிஏஜி 2.2 என்ற நியமத்தைத் தெரியாமல் இந்த வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது.

5. பயன்படுத்துபவர்களிடம் போய் இருங்கள்

இதைத் தவிர்த்துவிட்டு யாரும் இந்த வேலைக்கு வரக்கூடாது என்பது என் பிடிவாதம். மாங்குளத்தில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களின் உயிரிழை அமைப்பு இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் செயற்கைக் கால் செய்யும் ஜெய்ப்பூர் நிறுவனம், சுன்னாகத்தில் பார்வையற்றவர்களுக்கான வாழ்வகம், கைதடியில் காது கேளாத, பார்வையற்ற பிள்ளைகளுக்கான நவீல்ட் பாடசாலை. உங்கள் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தருக்குப் பக்கத்தில் இயங்கும் மாற்றுத்திறனாளிகள் சங்கங்களைத் தெரியும்.

போவதற்கு முன் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: நீங்கள் யார், என்ன தெரியும், கிழமையில் எந்த நாள் வர முடியும், எத்தனை மாதம். கையோடு அடையாள அட்டைப் பிரதியும். “ஏதாவது உதவி செய்ய ஆசை” என்று மட்டும் சொல்லிக்கொண்டு போகிறவர்களை அவர்கள் நிறையவே கண்டிருக்கிறார்கள். “சனிக்கிழமை காலை வந்து பழுதான நாற்காலிகளைக் கழற்றித் துப்புரவாக்கித் தருகிறேன்” என்று சொன்னால் கதை வேறு.

அங்கே படம் எடுக்காதீர்கள், பேஸ்புக்கில் போடாதீர்கள். எப்படிக் காயப்பட்டது என்று நீங்களாகக் கேட்காதீர்கள். உங்களுக்குத் தெரிய வேண்டியது இந்த நாற்காலியில் எவ்வளவு நேரம் இருக்கிறார், எங்கே நோகிறது, மலசலகூடத்துக்கு எப்படிப் போகிறார், படலையடியில் மணலா கிரவலா என்பதுதான்.

காலத்தையும் பாருங்கள். ஒக்டோபருக்குப் பிறகு மழை, உள்பாதைகள் பல நாட்கள் மூடும். பெரும்போக அறுவடை நாட்களில் வீட்டில் ஆள் இருக்காது. மே தொடக்கம் செப்டெம்பர் வரைதான் வீடு வீடாகப் போவதற்கு வசதி.

6. அளவெடுக்கவும் திருத்தவும் பழகுங்கள்

சக்கர நாற்காலி என்றால் ஒரு கதிரைக்குச் சில்லுப் பூட்டியது என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். அளவு பிழைத்தால் உணர்ச்சியற்ற உடம்பில் அழுத்தப்புண் வரும். அழுத்தப்புண் ஆளைக் கொல்லும். இதைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை, ஊரில் நடந்திருக்கிறது.

முக்கியமான அளவுகள் சில. இருக்கையின் அகலம் இடுப்பின் அகலத்தோடு ஒத்துப்போக வேண்டும். “கொஞ்சம் பெரிசாய் இருந்தால் வசதிதானே” என்பது பிழை. ஆள் ஒரு பக்கம் சரிந்து இருக்கத் தொடங்குவார். இருக்கையின் ஆழத்துக்கு இடுப்பின் பின்பக்கத்தில் இருந்து முழங்காலின் பின்பக்கம் வரை அளந்து, அதில் 3 முதல் 6 சென்ரிமீற்றர் குறையுங்கள். பாதத்தட்டின் உயரத்துக்கு முழங்காலின் பின்பக்கத்தில் இருந்து குதி வரை. தட்டுத் தாழ்ந்தால் கால் தொங்கும். உயர்ந்தால் முழுப் பாரமும் இருப்பெலும்பில் இறங்கும். மெத்தை போட்ட பிறகுதான் உயரத்தைச் சரிபார்க்க வேண்டும், ஏனென்றால் மெத்தையும் ஆளை உயர்த்துகிறது.

பிறகு அழுத்தச் சோதனை. அனுமதி கேட்டுவிட்டு, மெத்தைக்கும் இருப்பெலும்புக்கும் நடுவில் விரல்நுனியை வையுங்கள். விரல்நுனி 5 மில்லிமீற்றராவது மேலும் கீழும் அசைந்தால் சரி. அசைக்க முடியாது, ஆனால் சுகமாக வெளியே இழுக்கலாம் என்றால் எச்சரிக்கை. இறுக்கிப் பிடித்தால் அந்த மெத்தையோடு அவரை அனுப்பக்கூடாது. பெண்ணுக்குச் சோதனை செய்ய ஒரு பெண் இருக்க வேண்டும். இந்தத் துறைக்குப் பெண்கள் வர வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

ஏற்கெனவே புண் இருந்தால் அளவெடுக்காமல் முதலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளுக்கு அடிப்படைப் பயிற்சி போதாது, இயன்மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். செயற்கைக் காலில் மிச்சக் கால் பொருந்தும் கிண்ணத்தை ஒருபோதும் அராவவோ சூடாக்கவோ வேண்டாம். நோகிறது என்று கெஞ்சினாலும் ஜெய்ப்பூர் நிறுவனத்துக்கு அல்லது கால் செய்த இடத்துக்கே அனுப்புங்கள்.

திருத்த வேலைக்குச் சைக்கிள் கடைக்காரரின் கருவிகளே போதும்: ஸ்பனர்கள், அலன் சாவிகள், ஆரக்கம்பி இறுக்கும் சாவி, டயர் கழற்றும் நெம்பு, பம்பு, கிறீஸ். சில ஆயிரம் ரூபாய்க்குள் தொடங்கலாம். பெரிய சில்லு பெரும்பாலும் 24 அங்குலம். ஊர்க் கடைகளில் 26, 28 அங்குல டியூப்தான் எளிதில் கிடைக்கும். டயரின் பக்கத்தில் இருக்கும் இலக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகும்போது நாலைந்து வாங்கி வையுங்கள். முன் சின்னச் சில்லில் தலைமயிரும் நூலும் மணலும் சுற்றிப் பெயாரிங் இறுகுவது இங்கே அடிக்கடி வரும் பழுது. பத்து நிமிட வேலை, ஆனால் செய்து கொடுக்க ஆள் இல்லாமல் மாதக்கணக்கில் அந்த மனிதர் வீட்டுக்குள் இருப்பார்.

7. போனும் கணினியும் கற்பிக்க வருபவர்களுக்கு

முதலில் நீங்கள் திரையை அணைத்துவிட்டு ஒரு வட்ஸ்அப் செய்தி அனுப்பிப் பழகுங்கள். பிறகு ஒரு தொடர்பைச் சேமிப்பது, பஸ் நேரம் தேடுவது. கண்ணைத் திறக்காமல் இவற்றைச் செய்ய வந்த பிறகு மற்றவருக்குச் சொல்லிக்கொடுங்கள்.

இங்கே அடிக்கடி வரும் ஒரு இடைஞ்சலுக்கும் தயாராக இருங்கள். எங்கள் அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் இன்னும் நிறைய ஆவணங்களைப் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு செய்கிறார்கள். கண்ணுக்குத் தமிழ், திரைவாசிப்பானுக்கு அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் கோவை. யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறைக்கு மாற்றினால்தான் வாசிக்கும். மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசம். ஸ்கான் செய்த சுற்றறிக்கை என்றால் கூகிள் டிரைவில் ஏற்றிக் கூகிள் டொக்ஸாகத் திறந்தால் தமிழ் எழுத்தை எடுத்துத் தரும். பெயர்களிலும் இலக்கங்களிலும் பிழை விடும், ஒருமுறை சரிபாருங்கள். ஒரு பார்வையற்ற ஆசிரியருக்கோ பல்கலைக்கழக மாணவருக்கோ இந்த ஒரு வேலையைச் செய்து கொடுத்தாலே உங்கள் பெயர் நாலு இடத்துக்குப் போகும்.

8. சான்றிதழுக்குக் காசு கட்டுவதற்கு முன்

இந்தத் துறைப் பெயரைப் போட்டுக் கிழமைக் கணக்கில் சான்றிதழ் தருவதாக விளம்பரங்கள் வரும். நிறுவனமும் அந்தப் பாடநெறியும் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவா என்று ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பாருங்கள். இல்லையென்றால் அந்தத் தாள் அரசாங்க வேலைக்கு உதவாது.

கையில் தொழில் இருப்பவருக்கு நல்ல வழி முன்கற்றலை அங்கீகரிக்கும் முறை. வெல்டிங், கணினி வன்பொருள், மோட்டார் சைக்கிள் திருத்தம் போன்றவற்றில் வகுப்புக்குப் போகாமலே, செய்த வேலையைக் காட்டி என்விகியூ என்ற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெறலாம். செய்த வேலைகளின் படம், முதலாளியின் கடிதம், பற்றுச்சீட்டுகள் சேர்த்து ஒரு கோப்பு. பிறகு மதிப்பீட்டாளர் நேரில் வந்து செய்யச் சொல்லிப் பார்ப்பார். சில மாதங்கள் எடுக்கும், ஆகவே வேலை விளம்பரம் வந்த பிறகு தொடங்கினால் பிந்திவிடும். முறையாகப் படிக்க விரும்பினால் கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. இயந்திரவியலும் மின்னியலும் இந்த வேலைக்கு அத்திவாரம்.

இணையச் சோதனைக்கான சர்வதேசச் சான்றிதழ்ப் பரீட்சைகள் சில நூறு டொலர். முதல் சம்பளம் வந்த பிறகு யோசியுங்கள். என்விடிஏ தயாரிப்பாளர்கள் நடத்தும் தகுதிப் பரீட்சையை வீட்டில் இருந்தே எழுதலாம். கற்பிக்க வருபவர்கள் முதலில் அதை எழுதுங்கள்.

9. வேலையும் சம்பளமும்

தொண்டு நிறுவனப் பதவிகள் திட்டத்தோடு வரும், திட்டத்தோடு முடியும். நியமனக் கடிதத்தில் முடிவுத் திகதி, பயணச் செலவை யார் தருவது, சேமலாப நிதியம் கட்டுகிறார்களா என்று மூன்றையும் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மோட்டார் சைக்கிளில் முறிகண்டியில் இருந்து ஒட்டுசுட்டானுக்கும் துணுக்காய்க்கும் ஓடும் எண்ணெய்ச் செலவு சம்பளத்தில் பெரிய பங்கை விழுங்கும்.

சொந்தமாகத் தொடங்குபவர்கள் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவு செய்யுங்கள். விண்ணப்பப் படிவம், அடையாள அட்டைப் பிரதி, இடத்தின் உறுதி அல்லது வாடகை ஒப்பந்தம், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் தேவை. காணிக்கு அனுமதிப்பத்திரம் மட்டும் உள்ளவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள், இங்கே அது பலருக்கு இழுபடுகிறது. பதிவு இருந்தால்தான் ஆஸ்பத்திரியோ நிறுவனமோ பத்து நாற்காலியைத் திருத்தத் தரும்போது விலைமனு கொடுக்கலாம், காசோலை வாங்கலாம்.

கட்டணத்தை வெட்கப்படாமல் சொல்லுங்கள். உதிரிப்பாகத்துக்குப் பற்றுச்சீட்டோடு வாங்கிய விலை, வேலைக்குத் தனியாக ஒரு தொகை. கொடுக்க முடியாதவர் என்றால் சமூக சேவை உத்தியோகத்தரிடமோ ஊர்ச் சங்கத்திடமோ அந்தத் தொகையைக் கேட்டு எழுதுங்கள். புலம்பெயர்ந்த உறவுகள் புது நாற்காலிக்குக் காசு அனுப்ப முன்வரும்போது, அதில் ஒரு பங்கை இரண்டு வருடத் திருத்தச் செலவுக்கு ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் பலர் சம்மதிக்கிறார்கள். ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு பக்கம் போட்ட கொப்பி வைத்திருங்கள்: கொடுத்த திகதி, அளவுகள், மாற்றிய உதிரிப்பாகம், அடுத்து பார்க்க வேண்டிய திகதி. முதல் சோதனை ஆறு கிழமைக்குள், அடுத்தது மழை தொடங்க முன்.